அரை நொடி

செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்குப்
பழைய அலைவரிசையை அணைத்தார்கள்.
அணைத்தவன் டுவேன் பொலியூ,
கோபுரத்தடித் தகரக் கொட்டகையில்,
மைனஸ் முப்பத்தொன்றில்,
ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டு.
"கேக்குதா, ஆர்லிஸ்?"
கேட்டது.
அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.
அவனுக்குப் பின்னால் காற்று இல்லை,
ஜெனரேட்டர் இல்லை.
கழுவித் துடைத்துத் தட்டில் வைத்த குரல்.

பத்தொன்பது வருஷம்
இரைச்சலுக்குள் கைவிட்டுத்தான் ஆட்களை எடுத்தேன்.
கல்லுக்குள் அரிசி பொறுக்குகிற வேலை.
யார் இருமல், எந்த வண்டியின் டீசல்,
பேர் சொல்லாமலே தெரியும்.
இப்போது திரையில் ஒரு எண், பக்கத்தில் பேர்.
எனக்குத் தெரிந்ததை எனக்கே எழுதிக் காட்டுகிறது.

பழையதைப் புகழ இதை எழுதவில்லை.
வுல்ஃப் மேட்டுக்கு அந்தப் பக்கம்
அது ஒருநாளும் ஒழுங்காய் எட்டியதில்லை.
ஒரு ஏப்ரலில் அங்கிருந்து
"கை" என்று மட்டும் வந்தது.
யாருடைய கை, கைக்கு என்ன?
ஆம்புலன்ஸ் போய்ச்சேர நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடமும்
அந்த ஒரு சொல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு டாமரக் கவுண்டிக் கூட்டத்தில்
புதுசுக்கு யார் ஆதரவு என்று கேட்டபோது
தூக்கினேன்,
என் கையை.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
பொத்தானை அழுத்து. மூன்று பீப் கேள். பிறகு பேசு.
முந்திக்கொண்டால் முதல் சொல் விழுந்துவிடும்.
"எங்கே விழும்?" என்றான் ஆர்வோ ஹாடயா.
எல்லோரும் சிரித்தார்கள்.
டோனட் தீர்ந்துபோனது.

முதல் வாரத்தில்
ஒரு துணை ஷெரிஃப் அவசரப் பொத்தான் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.
பன்றிக்கறி சரியாய் வறுபடவில்லை என்று
பரிசாரகியிடம் அவர் போட்ட சண்டையைக்
கவுண்டி முழுக்கத் துல்லியமாகக் கேட்டது.

ஒன்பதாம் இரவு
பைக் ஏரிச் சாலையில் ஒரு வீடு எரிந்தது.
ஆர்வோவின் குரல் வந்தது:
"உள்ளே போ... கூரை..."
அப்புறம் பக்கத்தில் ஓடிய ரம்பத்தையும்
மனிதக் குரல் என்று நினைத்துக்கொண்டு
தண்ணீருக்கடியில் யாரோ கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம்.

எங்கள் பேச்சில் மறுப்பு முன்னால் வரும்.
வினை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.
தலையை வெட்டினால்
மிஞ்சுவது கட்டளை.
பழைய ரேடியோவில் அந்த 'வேண்டாம்'
கிழிந்தாவது வந்து சேர்ந்திருக்கும்.
இதில் கிழிசலே இல்லை,
விழுந்த இடம் தெரியாமல் தைத்துவிடுகிறது.

டால்வி நீமி வாசலில் நிற்கிறாள்.
அவள் காதிலும் அதேதான்.
நான் மிதியை மிதித்தேன்.
பீப்.
பீப்.
இவ்வளவு நேரம் போதும்
ஒருத்தி ஒரு வாசற்படியைத் தாண்ட.
பீப்.
"எல்லாரும் நில்லுங்க. ஆர்வோ, திரும்பச் சொல்."

விசாரணையில் கேட்டார்கள், எப்படித் தெரிந்தது என்று.
ஆட்களை உள்ளே அனுப்பும்போது ஆர்வோ
"பசங்களா" என்று ஒரு சொல் சேர்ப்பான்.
அன்றைக்கு அது இல்லை.
அவ்வளவுதான்.
கூரை இறங்கியபோது
டால்வி இரண்டடி வெளியே இருந்தாள்.
அவள் கையுறை ஒன்று கதவுப்பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அறிக்கை சொன்னது:
கருவி அதன் விவரக்குறிப்பின்படியே இயங்கியது.
பொய்யில்லை.
அதே மாதம்
வுல்ஃப் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு முழு வாக்கியம் வந்தது.
பனிவண்டி கவிழ்ந்திருக்கிறது, கால் முறிந்திருக்கிறது,
நினைவு இருக்கிறது, போர்வை கொண்டு வாங்க.
எழுவாய் பயனிலையோடு.
எழுதி வைத்த காகிதத்தை
இன்னும் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஆர்வோ தன் ரேடியோவில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறான்:
அழுத்து. மூச்சு விடு. பேசு.

வீட்டில் கார்ல் ஏதாவது கேட்டால்
பதிலுக்கு முன் அரை நொடி நிற்கிறேன்.
கோபமா என்கிறான்.
இல்லை.
இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றவா என்கிறான்.
வேண்டாம், என்கிறேன்.
வேண்டாம்.