கால் பங்கு

பிப்ரவரியின் மூன்றாம் சனிக்கிழமை.
தண்ணீர்க் குழாய் இன்னும் பூட்டில்.
பூட்டைச் சுற்றிய சாக்கின் மேல்
உறைபனி உப்பாய்ப் பூத்திருக்கிறது.
சாவி என்னிடம்.
ஹாலிஃபாக்ஸ் சரிவின் அறுபத்தோரு பாத்திகளுக்கும்
வாடகை, புகார், சாணி லாரி வரும் தேதி
எல்லாம் என்னிடம்.
சம்பளம் என்று பார்த்தால்
வருவோர் போவோர் கையில் திணிக்கும் லீக்ஸ்.
லீக்ஸ் எனக்குப் பிடிக்காது.
பதினோரு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

இன்று கோட்டுப் பையில் ஒரு கடிதம்.
இருபத்தேழாம் பாத்தி, ஹெட்லி ரெய்ஸ்ட்ரிக்.
முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை,
இரண்டாவதற்கும்.
மூன்றாவதைக் கொட்டகைக் கதவில் குத்திவிட்டால்
முடிந்தது கதை.
விதி கேட்பது இவ்வளவுதான்:
நிலத்தில் கால் பங்காவது
பயிரில் இருக்க வேண்டும்.

காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர்.
முதல் பெயர் மெஹரெட் தெஸ்ஃபாய்.
நாலாம் மாடி.
சன்னலோரம் முட்டை அட்டைகளில்
உருளைக்கிழங்கை அடுக்கி வைத்திருக்கிறாளாம்.
"முளை அரை விரல் வந்துவிட்டது" என்றாள்
புதன்கிழமை போனில்.
கெஞ்சவில்லை.
அளவை மட்டும் சொன்னாள்.
அதுதான் உறுத்துகிறது.

பாதை வழுக்கல்.
பத்தொன்பதில் புறாக்கள் குதறிய கேல்
வெறும் நரம்பாய் நிற்கிறது.
இருபத்திரண்டில் வலைக்குள் ஊதா ப்ரொக்கோலி,
மொட்டுவிட இன்னும் மனமில்லாமல்.

இருபத்தேழின் முன்னால்
உறைபனியில் கால் தடம்.
ஹெட்லியுடையது இல்லை,
அவர் இடது காலை இழுத்து நடப்பவர்.
இது சின்னது, அழுத்தமானது,
வந்த வழியே திரும்பி
வேலி இடுக்கில் நுழைந்து
இருபத்தாறுக்குப் போகிறது.

உள்ளே முக்காலும் முட்புதர்.
மீதியில்
நாலு குச்சி, சுற்றி நீல நூல்.
நூலுக்குள் புரட்டிய கரிய மண்,
குளிருக்கு முன்பே ஊன்றிய அவரை இரண்டு வரிசை,
ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்.
மூலையில் கவிழ்த்த குப்பைத்தொட்டி.
தூக்கிப் பார்த்தேன்.
இருட்டில் ரூபார்ப்,
பிறந்த எலிக்குஞ்சின் நிறத்தில்.
மெல்ல மூடினேன்,
விழித்துக்கொள்ளும் என்பதுபோல.

வேலிக்கு அந்தப் பக்கம் டெஸ்ரின்
பார்ஸ்னிப் தோண்டிக்கொண்டிருந்தாள்.
ஒரே பார்ஸ்னிப்பை, வெகு நேரமாக.
"ஹெட்லி ஆஸ்பத்திரியிலா?"
"என்னைக் கேட்டால்?" என்றது முதுகு.
பிறகு,
"கால் பங்குதானே உன் விதி? அளந்துகொள்."

அளந்தேன்.
நாடா விறைத்துப்போய்ச் சுருள மறுத்தது.
இரண்டாம் முறையும் அளந்தேன்.
ஒரு சாண் குறைந்தது.
ஒரு சாண் அகல மண்ணில்
ஒரு வரிசை அவரை ஊன்றலாம்.
உருளைக்கிழங்கும் ஊன்றலாம்.

குச்சியை மட்டும் நகர்த்தினால் புல் காட்டிக்கொடுக்கும்.
வேலியில் சாய்ந்திருந்த அவள் மண்வாரியைக்
கேட்காமலே எடுத்தேன்.
முதல் குத்துக்கு டங் என்றது தரை.
ஏறி நின்று மிதித்தேன்.
அறுபத்து நாலு வயது முழங்கால்
பனித்தோடு உடையும் சத்தம் போட்டது,
அல்லது பனித்தோடு
என் முழங்காலின் சத்தம் போட்டது.
டெஸ்ரின் திரும்பிப் பார்க்கவில்லை.
அவள் பார்க்காமலிருப்பதை
நானும் பார்க்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
27. கால் பங்கு. சரி.
குளிரில் பேனா மக்கர் செய்து
'சரி' பாதிதான் விழுந்தது.

வீட்டில் கோட்டைக் கழற்றினால்
ஒரு பையில் குத்தாத கடிதம்.
தோள்பையில், எப்போது வைத்தாளோ,
மண்ணோடு மூன்று பார்ஸ்னிப்.
லீக்ஸ் இல்லை.
தெரிந்திருக்கிறது அவளுக்கு.
நன்றியா லஞ்சமா என்று
பார்ஸ்னிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மெஹரெட்டைக் கூப்பிட வேண்டும்.
கடைசி இலக்கம் வரை அழுத்திவிட்டு
கை கழுவப் போனேன்.
அந்த ஒரு சாண் மண்
நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.
திரும்பி வந்து
அந்தக் கையாலேயே அழுத்தினேன்.