மணிக்கு ஒன்பது டாலர்

ரொசாரியோவில் குளிர்காலக் காலை.
பரானா ஆற்றில் சோயா ஏற்ற வந்த கப்பல்
விட்டுவிட்டு ஊதுகிறது.
மாத்தேக்கு வைத்த தண்ணீர் கொதித்தே விட்டது,
இனி கசக்கும்.

நெலிடா போர்ட்டொலூசிக்கு
பெர்கன் நகரிலிருந்து ஒரு கடிதம்:
"மணிக்கு ஒன்பது டாலர் என்று போட்டிருக்கிறீர்கள்.
நாளைக்கே தொடங்கலாமா?"

எங்கே போட்டேன்?
தேடினால் அகப்படுகிறாள்,
பதினாறு வருடம் முன்பு பதிந்து மறந்தவள்.
கன்னத்தில் மச்சமும் கழுத்தில் ஹெட்ஃபோனுமாக
இன்னும் கடையைத் திறந்து வைத்திருக்கிறாள்.

அந்த ஒன்பதைக் கேட்கவே வாய் கூசி
எட்டரை என்று அடித்து, அழித்து,
மறுபடி ஒன்பது அடித்தவள்.
பிறகு பதினைந்து.
இரட்டையர் பிறந்த வருடம் இருபத்தெட்டு:
பயந்துகொண்டேதான் அனுப்பினாள்,
மூன்றே நிமிடத்தில் "சரி" வந்தது.
அந்தச் சரியின் வேகத்தில்
எத்தனை வருடம் குறைத்துக் கேட்டோம் என்று புரிந்து
அன்றிரவு பொட்டுத் தூக்கமில்லை.

தொற்றுக்காலத்தில் அறுபது.
உலகமே வீட்டுக்குள் கிடந்தது, கேட்டதைக் கொடுத்தார்கள்.
இப்போது நாற்பத்தைந்து,
அதற்கும்
"பாதியை இயந்திரமே எழுதிவிடுகிறதே" என்று
ஒரு பெருமூச்சு கேட்டாக வேண்டும்.

பெசோ கதை தனி.
அன்று ஒன்பது டாலரை மாற்றினால்
முப்பத்தைந்து பெசோ, மூன்று பேருக்குப் பீட்சா.
இன்று அதே ஒன்பதுக்குப்
பூஜ்யங்கள் வால் பிடித்து வருகின்றன,
பீட்சா ஒருவருக்கே காணாது.
மூலைக்கடை அப்தோன்
விலைச்சீட்டைப் பென்சிலில்தான் எழுதுகிறார்.

"அவர் இப்போது வேலை செய்வதில்லை" என்று
பெர்கனுக்குப் பதில் போட்டாள்.
"அவருக்குப் பதிலாக நான் இருக்கிறேன். நாற்பத்தைந்து."

நயமான மனிதர், நயமாகவே கேட்டார்:
"ஐந்து மடங்குக்கு
அவர் செய்யாத எதை நீங்கள் செய்வீர்கள்?"

அவள் என்றால் மூன்று இரவு விழித்து
ஆயிரம் வரி எழுதித் தந்திருப்பாள்.
இவள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு
நாற்பது வரியை அழிப்பாள், அவ்வளவுதான்.
அழித்ததற்குக் கூலி கேட்டு
எப்படி ஒரு வாக்கியம் அமைப்பது?

நாற்பது என்று அடித்தாள்.
அழித்தாள்.
கப்பல் மறுபடி ஊதியது.
அறுபது வாங்கிய வருடம்
காசு கொடுத்து எடுத்துப்போட்ட மச்சத்தை
விரல் கன்னத்தில் தேடிக்கொண்டிருந்தது.