ஓடுதா

மூன்று வருசமாய் எனக்கு அலாரம் கிடையாது.
விழித்ததும் இடது கையைக் காதோரம் கொண்டுபோவேன்.
மழை நாளில் மின்கம்பம் இரைவது மாதிரி
உள்ளே ஓர் இரைச்சல்.
தமனியையும் சிரையையும் முடிந்துவிட்டிருக்கோம் என்றார் டாக்டர்.
முடிச்சென்றால் எனக்குத் தெரியும்,
நாளைக்கு ஆயிரம் போடுகிறவள்.

அந்தக் கையில் வளையல் ஆகாது
குடம் ஆகாது
பிரஷர் பட்டை சுற்றக் கூடாது.
பீடி சுற்றலாமா என்று நான் கேட்கவேயில்லை.

திங்கள், புதன், வெள்ளி ஹைகிரவுண்டு.
பக்கத்துக் கட்டில் இசக்கிமுத்து,
களக்காட்டில் வாழைத்தார் ஏற்றிய தோள்.
சலாமும் இல்லை வணக்கமும் இல்லை அவருக்கு.
"ஓடுதா?" என்பார்.
"ஓடுது" என்பேன்.
பிறகுதான் ஊசி.

நோன்பு எனக்குக் கடமையில்லை, சொல்லிவிட்டார்கள்.
ஆனால் கஞ்சி?
அரை லிட்டரை நாள் முழுக்க அளந்து குடித்து
பாளையங்கால் பாலம் வரும்போதெல்லாம்
பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்
பள்ளிவாசல் தூக்குச்சட்டியைத் திறந்ததும்
ரெண்டு கிளாஸ் குடித்தேன்.
மூன்றாவதும்.

புதன்கிழமை எடை மெஷின் காட்டிக்கொடுத்தது.
நாலு கிலோ இழுத்தார்கள்.
கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது,
பிரஷர் தரைக்குப் போனது,
ஆட்டோவில் மகன் மடியில் கிடந்து
மேலப்பாளையம் வந்தேன்.

சஹருக்குத் தப்ஸ் அடித்துப் போகிறார்கள்.
கையைக் காதில் வைத்தேன்.
தெருவில் சத்தம் இருந்தது,
கையில் இல்லை.
மருமகள் ரஹ்மத் விரல் வைத்துப் பார்த்தாள்.
"மாமி" என்றாள்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

அமலைச்செடி அடைத்தால் வாய்க்காலுக்கு ஜேசிபி வரும்.
எனக்கு வந்தவர் மீசை முளைக்காத ஒரு சின்ன டாக்டர்.
நுனியில் பலூன் வைத்த ஒயரை உள்ளே விட்டு
மெல்ல இழுத்தார்.
மரத்த கைக்கு வலியில்லை, இழுப்பு மட்டும் தெரிந்தது,
சுருக்குப்பைக் கயிறு இழுபடுவது போல.

"பாக்கிறீங்களாம்மா?"
கிண்ணத்தில் கிடந்தது.
கருஞ்சிவப்பு.
ஒரு பீடி நீளம்.
ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் ஒடுங்கி,
சுற்று அத்தனை கெட்டி.
கம்பெனி செக்கர்கூட இதைக் கழிவில் தள்ளமாட்டார்.
எனக்குத் தெரியாமல்
என் ரத்தம் தொழில் பழகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை
இசக்கிமுத்துவின் கழுத்தில் குழாய்.
புதன் ராத்திரியே அவர் கை நின்றுவிட்டதாம்.
வியாழன் தார் வெட்டு,
லாரி நிற்கிறது, அதையும் அனுப்பிவிட்டு வருவோம் என்று
இருந்துவிட்டார்.
பிறகு எந்த ஒயருக்கும் திறக்கவில்லை.

தலையைத் திருப்ப முடியாமல்
மின்விசிறியைப் பார்த்துக் கேட்டார்:
"ஓடுதா?"

ஓடத்தான் செய்கிறது.
பழைய இரைச்சல் இல்லை,
நடுவே ஒரு சீட்டி கேட்கிறது,
சீட்டி நல்லதில்லை என்கிறார்கள்.
இதையெல்லாம் அவரிடமா சொல்ல?
"ஓடுது" என்றேன்.
வாய் சும்மா இருந்ததா, "உங்களுக்கு?" என்றும் கேட்டுவிட்டது.

குழாயை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.
"ரோட்ட மூடிட்டாவ தாயி,
பைபாஸ் போட்டிருக்காவ."
சிரித்தால் தையல் இழுக்கும் என்று
அவர் சிரிக்கவில்லை.

நான்தான் சிரித்தேன்,
ஊசி ஏறும்வரை.