நாற்பது நிமிட அறை

இந்தக் கோடையில் நுண்படச் சுருள்களை எல்லாம்
பெட்டி கட்டி அகஸ்டாவுக்கு அனுப்பிவிட்டோம்.
அந்த அறையில் இப்போது ஒரு மேசை, ஒரு திரை,
முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று.
கல்லூரி நூலகம் இனி ஊருக்கும் என்று
பாலம்வரை சுவரொட்டி;
பாலத்துக்கு அந்தப் பக்கம் கனடா.
மாணவர் அட்டை வேண்டாம்,
மின்கட்டண ரசீது போதும்.

உறைந்த ஏரியில் துளை போடும் இயந்திரம் தருகிறோம்.
ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை தருகிறோம்.
பனியில் அமிழாமல் நடக்க அகலக் காலணி,
பெரியதும் சிறியதும்.
அட்டைப் பட்டியல் இருந்த இழுப்பறைகளில்
பீன்ஸ் விதை, பூசணி விதை.
விளைந்தால் ஒரு பிடி திருப்பித் தர வேண்டும்,
விளையாவிட்டால் அபராதம் இல்லை.
பேராசிரியர் ப்ரே மட்டும்
தினமும் உள்ளே வந்ததும் உரக்கக் கேட்பார்,
"இன்று எதை விற்கிறீர்கள்?"
அவருக்கும் ஒரு பட்டை கட்டிவிட்டேன்.
நூற்று அறுபத்தெட்டு.
அதன்பின் கொஞ்சம் மெதுவாகக் கேட்கிறார்.

அறையைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை.
வீட்டில் இணையம் எட்டாதவர்கள் வருவார்கள்.
எட்டினாலும் வீட்டில் பேச முடியாதவர்கள் வருவார்கள்.
நோட்டில் பெயர், நேரம். அவ்வளவுதான்.
என்ன பேசினார்கள் என்று தெரியாது.
மூக்குத் துடைக்கும் காகிதம்
எவ்வளவு செலவாகிறது என்று தெரியும்.

ஜனவரி, வியாழன், ஒன்பது மணிக்கு
ஒடீல் திபடோ.
மேலே இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை,
கீழே உருளைக்கிழங்குக் கிடங்கின் பூட்ஸ்.
வாசலில் நின்று உள்ளே பார்த்து,
"சுவர் இப்படி மொட்டையா இருக்கே" என்றாள்.
புதிதாய்ப் பூசியது என்றேன்.
"நீதிபதி என்னைப் பார்ப்பார், சரி.
எனக்குப் பின்னாலயும் பார்ப்பார் இல்லையா?
அவன் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம்.
ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஆனா இருக்கு."

மணி எட்டு நாற்பது.

கழித்துக் கட்டிய கலைக்களஞ்சியம்
பின்வாசலில் குப்பை வண்டிக்குக் காத்திருந்தது.
முப்பது தொகுதி. இப்போது இல்லாத நாடுகள்
அதில் இன்னும் கொடியோடு இருக்கின்றன.
ஐந்து ஐந்தாகச் சுமந்தேன்.
எதற்கென்று கேட்காமல்
பேராசிரியர் ப்ரே கோட்டைக் கழற்றினார்.
நூற்று அறுபத்தெட்டு. எனக்குத்தான் பயம்.
வரிசை பார்க்க நேரமில்லை,
பதினேழுக்குப் பக்கத்தில் நான்கு,
அதற்குப் பக்கத்தில் தலைகீழாய் இருபது.
நீதிபதி எண்ணமாட்டார் என்று நம்பினோம்.
திரையில் அவள்,
தோளுக்குப் பின்னால் தங்க எழுத்தில் உலகம்.
கழுத்துப் பித்தானைச் சரிசெய்தாள்.
கதவைச் சாத்தினேன்.

நாற்பது நிமிடம் எழுபதானது.
காது மருத்துவருக்காக வந்த அடுத்தவர்
ஒரு சத்தமும் போடாமல் காத்திருந்தார்.
வெளியே வந்தவள் எதுவும் சொல்லவில்லை.
நாங்கள் கேட்கவும் இல்லை,
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
பூட்ஸிலிருந்து வழிந்த தண்ணீரைத்
தானே துடைத்துவிட்டுப் போனாள்.

புத்தகங்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட
மனம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
முதுகு வரவில்லை.
இயக்குநர் மார்செலின் எட்டிப் பார்த்து
"இவை கழித்தவை அல்லவா?" என்றார்.
பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்:
பின்னணி. முப்பது தொகுதி. அறைக்குள் மட்டும்.

பிப்ரவரி, இரண்டாம் வெள்ளி,
பூட்டப்போகும் நேரத்தில் ஒடீல்.
கையில் ஊர் அட்டை, புதிது.
அகலக் காலணி பெரியது ஒரு ஜோடி,
சிறியது ஒரு ஜோடி.
"ஆறு வயசுக்கு எது சரியா இருக்கும்?"
ஞாயிறு மாலை திருப்பித் தந்தாள்,
வார்களில் பனி கெட்டியாக ஒட்டியிருந்தது.
அடுத்த வெள்ளி வரவில்லை.
அதற்கடுத்த வெள்ளி வந்தாள்.
பேராசிரியர் ப்ரே என் நோட்டை எட்டிப் பார்த்து
விரல்விட்டு எண்ணி
"வாரம் விட்டு வாரம்" என்றார்,
யாருக்கும் கேட்காதபடி.

அந்தச் சிறிய ஜோடியை
முன்பதிவு என்று எழுதித் தனியே வைத்திருக்கிறேன்.
ஏப்ரலில் இதெல்லாம் உருகிவிடும்.
அதற்குள் குட்டித் தூண்டில் ஒன்று வேண்டும் என்று
மார்செலினுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.