காற்றைக் குறுக்குதல்

முதலில் காற்று என்று மட்டும் தட்டினேன்.
ஒன்பது லட்சத்துச் சொச்சம்.
புந்தா அரேனாஸில் என் ஜன்னல் சட்டம்
யாரோ அடக்கிச் சிரிப்பதுபோல அதிர்ந்தது.

காற்றும் மனமும்: நாற்பத்தோராயிரம்.
காற்றும் தூக்கமும்: மூவாயிரத்து இருநூறு.
பேராசிரியை கெசாதா ஒரே வரியில் பதில் போட்டார்:
"இன்னும் பருமன், சிமேனா."
தலைப்பைச் சொல்கிறாரா ஆளைச் சொல்கிறாரா என்று
அரைநாள் போயிற்று.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவுப் பணி.
போர்வைகள் உலர்த்தியில் சுழலச் சுழல
இஸ்திரி மேசைமேல் மடிக்கணினியைத் திறந்துவைத்து
சொற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
பயம் போனது, அளக்க முடியாதாம்.
ஏன் என்பது போனது, டிசம்பருக்குள் முடிக்க வேண்டும்.
குழந்தைகள் போனார்கள்.
பதினெட்டு முதல் அறுபத்தைந்து என்று குறியிட்டதும்
எதிர்வீட்டு எலெயுதேரியோ போனார்.
வயது எழுபத்தொன்று.
காற்று கிளம்பும் இரவுகளில் விழித்துக் கிடந்து
கூரைத் தகரம் எத்தனை முறை படபடத்தது என்று எண்ணுகிறவர்,
விடிந்ததும் கேட்காமலே கணக்குச் சொல்கிறவர்.
மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன், திரையிடம்.

இரவுப் பணியாளர் மட்டும்: இருபத்திரண்டு.

இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது.
ஆங்கிலம் மட்டும்.
எல்லோரும் தொடுகிற பெட்டிதான். தொட்டேன்.
பத்தொன்பது.
மூன்றுதானே குறைந்தது.
கைக்கு அடக்கமான எண், பார்க்கவே லட்சணம்.
வெலிங்டன் இருந்தது. அபர்தீன் இருந்தது.
காற்றாலை அருகே தூங்காத கனடாக்காரர்கள்
நூற்றெட்டுப் பேர் இருந்தார்கள்.
தெருமுனையில் கயிறு கட்டி
அதைப் பிடித்தபடி ரொட்டி வாங்கப் போகிற ஊர் மட்டும்
இல்லை.

உலர்த்தி நின்றது. மடித்தேன்.
நான்கு மூலையும் சேர்த்து மடித்துவிட்டால்
எல்லாப் போர்வையும் ஒரே அளவு,
யார் மேல் கிடந்தது என்று சொல்ல முடியாது.
அதை இத்தனை நாள் சுத்தம் என்றே நினைத்திருந்தேன்.

குறியை எடுத்தேன்.
திரும்பி வந்த மூன்றில் ஒன்று
இதே ஆஸ்பத்திரி, இதே கட்டடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.
நெல்தா ஒயார்சூன் என்ற செவிலி
தட்டச்சில் அடித்த பட்ட ஆய்வு.
மேற்கோள் காட்டியவர்கள்: பூஜ்யம்.
காபிக் கறையோடு ஸ்கேன் செய்திருந்தார்கள்.
பலத்த காற்றுக்கு மறுநாள்
யார் யார் எவ்வளவு தூங்கினார்கள் என்று பட்டியல்:
செவிலியர் முப்பத்தொரு பேர்,
வாயில்காப்போர் ஆறு,
கடைசி வரிசையில், மை மங்கி,
சலவைப் பெண்கள், நான்கு பேர்.
பதில் தரவில்லை.

தரவில்லையா.
கேட்டது காதில் விழுந்திருக்குமா முதலில்,
இந்த இரைச்சலில்.

தேடுபெட்டியில் சலவை என்று சேர்த்தேன்.
திரையில் சின்னச் சக்கரம் சுற்றத் தொடங்கியது.
அடுத்த சுமையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
வெளியே வேகம் தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும்.
எலெயுதேரியோ இந்நேரம்
எண்ண ஆரம்பித்திருப்பார்.