வெள்ளிக்கிழமைப் பொங்கல்

தை பிறந்தது புதனன்று.
எங்களுக்கு வெள்ளிதான் விடுமுறை.
சூரியனிடம் யார் சொல்வது?
"நான் சொல்லிட்டேன்" என்றாள் நறுமுகை,
பால்கனிக் கதவைத் திறந்துகொண்டே.

தோஹா. பதினோராம் மாடி.
எங்கள் பால்கனிக்குக் கிழக்கே கிடையாது.
எதிரே ஒரு வங்கியின் கண்ணாடிச் சுவர்
காலையில் கொஞ்சம் வெயிலை
வட்டியில்லாக் கடனாய்த் தரும்,
ஏழே முக்காலிலிருந்து எட்டேகால் வரை.

அதற்குள் பொங்கியாக வேண்டும்.
மின்னடுப்பில் பானை,
பிளாஸ்டிக் சுற்றிய அரைமுழக் கரும்பு,
கூரையில் புகை மோப்பம் பிடிக்கும் கருவிக்குச்
செந்தூரன் மாட்டிவிட்ட ஷவர் தொப்பி.

பால் ஏறியது.
பக்கத்து வீட்டு ஹனானுக்கு
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, இப்போதுதான் படுத்திருப்பாள்.
மேற்கு பார்த்துக் கும்பிட்டு
"பொங்கலோ பொங்கல்" என்று
மூவரும் கிசுகிசுத்தோம்.

வழிந்த பால் தீய்ந்தது.
ஃபியூஸ் போனது.
கதவு தட்டும் சத்தம்.
கலைந்த தலையோடு ஹனான்:
என்ன கருகுகிறது, எல்லோரும் நலமா?

நான் மன்னிப்புக்கு
அரபிச் சொல் தேடிக்கொண்டிருக்கையில்
நறுமுகை அவள் கையில்
ஒரு தட்டும் கரண்டியும் திணித்தாள்.
"அம்மா, இவங்கதான் முழிச்சிட்டாங்களே,
இனிமே கத்தலாம்."