வாய் ஒட்டின நாள்

படிவத்தில் இப்படித்தான் இருக்கிறது:
பிள்ளை உணவைப் பார்க்கிறது, தொடுகிறது,
முகர்கிறது, சுவைக்கிறது.
ஆம் / இல்லை.

ஒட்டுசுட்டான் காட்டில் பாலை பழுத்திருந்தது.
மிதுர்ஷனின் தகப்பன் விடியவே
உரப்பையில் அரைவாசி கொண்டுவந்து வைத்தார்.
"கழுவிப்போட்டுக் குடுங்கோ ரீச்சர், எறும்பு கிடக்கும்."

பாயில் பதினொரு பிள்ளைகள்.
நடுவில் பூசணி, நாலு தேசிக்காய்,
ஒரு பேசின் பாலைப்பழம்.

பூசணியைப் பிளந்து
கையை உள்ளே விடுங்கோ என்றேன்.
ஒருத்தரும் விடவில்லை.
பிறகு யதுசனா விட்டாள், முழங்கை மட்டும்.
என்ன மாதிரி இருக்கு?
"நனைஞ்ச பூனைக்குட்டி."
அதற்குப்பிறகு எல்லோருக்கும் பூனைக்குட்டி வேணும்.
விதை தலைமயிரில், கலண்டரில்,
பவிலனின் மூக்குக்குள் ஒன்று.
அதை எடுக்கக் கால்மணி நேரம்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

தேசிக்காயை நக்கிய கெவின்ஷன்
ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு
மற்றக் கண்ணால் என்னைக் குற்றம் சாட்டினான்.

பாலைப்பழம் அப்படியல்ல. தித்திக்கும்.
ஏழெட்டுத் தின்ற பிறகுதான்
பால் தன் வேலையைக் காட்டும்.
முதலில் யதுசனாவின் கதை நின்றது.
பிறகு மிதுர்ஷன்.
சொண்டு சொண்டாய் ஒட்ட ஒட்ட
முன்பள்ளியில் ஒருநாளும் இல்லாத அமைதி.
தகரத்தில் அணில் ஓடுவது கேட்டது.
"ஊற்ற பேரிலயே ஒட்டுக் கிடக்கு"
கஞ்சி காய்ச்ச வந்த தாய் ஒருத்தி சிரித்தா.

நிலக்சி தையில் சேர்ந்தவள்.
இங்கே இன்னும் ஒரு சொல் கதைக்கவில்லை.
வீட்டில் கதைப்பாளாம், ஆட்டுக்குட்டியோடும்.
அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
தன்னைப்போலப் பத்துப்பேர்.

தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை
நான் எடுக்கமுன் அவள் எடுத்தாள்.
சுட்டுவிரலைத் தோய்த்து
துருப்பிடித்த பூட்டுக்கு விடுவதுபோல
ஒவ்வொரு சொண்டாய்ப் பூசினாள்.
ஒரு வாய் திறந்தது:
"நான்தான் கூடத் தின்டனான்!"
இல்லை நான், இல்லை நான்.
அணிலை இனிக் கேட்க ஏலாது.

தன் சொண்டுக்கு அவள் பூசவில்லை.
விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
இன்னொரு பழத்தோடு இருந்தாள்.

இரவு படிவம் எடுத்தேன்.
நிலக்சி:
ஆம், ஆம், ஆம், ஆம்.
கடைசிக் கட்டம்,
உணவைப் பற்றித் தன் சொற்களில் கூறுகிறது.
பேனை அதில் நின்றுவிட்டது.

பகல் யாரோ தொட்டிருக்கிறார்கள்.
ஒரு சின்ன விரலளவுக்கு
எண்ணெய் ஊறி
கடதாசி கண்ணாடியாகி இருந்தது.
தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
அந்த இடத்தால்
அடுத்த பக்கம் தெரிந்தது.